இடைவேளை... இன்னும் 10 நிமிஷம் பாக்கி!

தியேட்டரில் இன்டர்வெல் விட்டதும் நீங்க என்ன செய்வீங்க பாஸ்? பாதிப் பேர் மொபைலை எடுப்பீங்க. மீதிப் பேர் கேன்டீன் வரைக்கும் நடந்து போய், பாப்கார்ன் விலையைப் படிச்சுட்டு, 'பசிக்கலை மச்சி'ன்னு திரும்பி வருவீங்க. அந்த நேரத்தில் திரையில் ஓடுற விளம்பரத்தை யாராவது கவனிச்சிருக்கீங்களா? ம்ஹூம்!

ஆனா, இடைவேளை விளம்பரங்களை மட்டுமே உட்கார்ந்து மணிக்கணக்கில் பார்க்கிற ஒரு கூட்டம் அமெரிக்காவில் இருக்கு. முதல்ல காசு கொடுத்து வீடியோ கேசட் வாங்கிப் பார்த்தாங்க. அப்புறம் டி.வி.டி. இப்ப யூ-டியூப். எல்லாமே 1950-களிலும் 60-களிலும் டிரைவ்-இன் தியேட்டர்களில் ஓடின துண்டுப் படங்கள். ஹாட் டாக் பல்டி அடிக்கும், பாப்கார்ன் டப்பா பாட்டுப் பாடும். மேட்டர் அவ்வளவுதான். அதுக்குப் போய் ஏன் இத்தனை பேர் உருகுறாங்கன்னுதான் இந்த வாரம் நோண்டப் போறோம்.

முதல்ல ஒரு சின்ன விளக்கம். சென்னைக்காரங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட 'டிரைவ்-இன்'னு சொன்னா, கதீட்ரல் ரோடு உட்லண்ட்ஸ் ஹோட்டலைச் சொல்வாங்க. காருக்கே வந்து தோசை கொடுப்பாங்க. 2008-ல மூடிட்டாங்க, அந்த இடத்துலதான் இப்ப செம்மொழிப் பூங்கா. நாம பேசப் போறது அது இல்லை. காரை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்தபடி படம் பார்க்கிற தியேட்டர். ஈ.சி.ஆர். பிரார்த்தனாவில் அப்படிப் படம் பார்த்த அனுபவம் உங்க அப்பா அம்மாவுக்கு இருக்கலாம். கேட்டுப் பாருங்க, கதை நிறைய வரும்.

இந்த ஐடியாவுக்குச் சொந்தக்காரர் ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட். அமெரிக்காவின் நியூ ஜெர்சிக்காரர். வீட்டு வாசலில் கார் பானெட் மேல ஒரு கோடாக் புரொஜெக்டரை வெச்சு, ரெண்டு மரத்துக்கு நடுவில் பெட்ஷீட் கட்டி, திரைக்குப் பின்னாடி ரேடியோவைப் பாட வெச்சுப் பரிசோதனை பண்ணினார். மழை பெய்தா எப்படித் தெரியும்னு பார்க்க, செடிக்குத் தண்ணி தெளிக்கிற ஸ்பிரிங்ளரைக் காருக்கு மேல திருப்பி விட்டிருக்கார். நம்ம ஃபைனல் இயர் புராஜெக்ட்டைவிட உருப்படியான டெஸ்ட்டிங்!

முன்னாடி நிற்கிற கார் பின்னாடி இருக்கிறவங்களுக்கு மறைக்குமே, அதுக்கு என்ன வழி? தரையை மேடு மேடாக வெட்டி, முன் சக்கரம் கொஞ்சம் தூக்கி நிற்கிற மாதிரி செஞ்சார். அதுதான் அவரோட பேடன்ட். எண் 19,09,537. 1933 மே 16-ல கிடைச்சது. மூணே வாரத்தில், ஜூன் 6-ம் தேதி, கேம்டன் நகரத்துக்குப் பக்கத்தில் முதல் தியேட்டரைத் திறந்துட்டார். காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட், எவ்வளவு பேர் அடைஞ்சு வந்தாலும் ஒரு டாலருக்கு மேல இல்லை. (மேட்டைச் சாய்வாக வெட்டுறது ஒரு கண்டுபிடிப்பே இல்லைன்னு 1949-ல கோர்ட் பேடன்ட்டைத் தூக்கி எறிஞ்சது தனிக்கதை.) 1958 வாக்கில் அமெரிக்கா முழுக்க டிரைவ்-இன்கள் 4,000-ஐத் தாண்டிடுச்சு.

சவுண்டுதான் பெரிய தலைவலி. ஆரம்பத்தில் திரைக்குப் பக்கத்திலேயே பெரிய ஸ்பீக்கர் வெச்சாங்க. கடைசி வரிசை 150 மீட்டர் தள்ளி இருக்குன்னு வெச்சுக்கோங்க. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். கணக்குப் போடுங்க. ஹீரோ வாயை மூடி கிட்டத்தட்ட அரை செகண்ட் கழிச்சுத்தான் வசனம் வந்து சேரும். ஊர்க்காரங்க தூக்கமும் போச்சு. 1940-களில்தான் கம்பத்தில் தொங்குற சின்ன ஸ்பீக்கர் வந்தது. அதை எடுத்து கார் கண்ணாடியில் மாட்டிக்கணும். இந்தக் கம்பத்து ஸ்பீக்கரை ஞாபகம் வெச்சுக்கோங்க, அப்புறம் வரும்.

சரி, விளம்பரத்துக்கு வருவோம்.

டிரைவ்-இன்னில் பெரும்பாலும் ஒரே டிக்கெட்டில் ரெண்டு படம். முதல் படம் முடிஞ்சு ரெண்டாவது ஆரம்பிக்கிறதுக்கு நடுவில் 10, 15 நிமிஷம் இடைவேளை. டிக்கெட் காசில் பெரும் பங்கைப் படக் கம்பெனி வாங்கிட்டுப் போயிடும். தியேட்டர்காரருக்கு முழுசா நிக்கிறது கேன்டீன் காசு மட்டும்தான். ஸோ, அந்த 10 நிமிஷம்தான் அவரோட வாழ்க்கை. ஆனா சிக்கல் என்னன்னா, ஆடியன்ஸ் அவங்கவங்க காருக்குள்ள சொகுசா சாய்ஞ்சு கிடக்கிறாங்க. குழந்தைங்க நைட் டிரெஸ்ஸோட பின் சீட்டில் தூங்குது. கேன்டீன் இருட்டுக்குள்ள எங்கயோ நூறு மீட்டர் தள்ளி இருக்கு. கல்லும் மண்ணுமான தரை. யார் இறங்கி நடப்பா?

அங்கதான் இந்தத் துண்டுப் படங்கள் வேலையைக் காட்டுது. சினிமாத் தொழிலில் இதுக்கு 'ஸ்னைப்'னு பேர். சிகாகோவில் ஃபில்மேக்னு ஒரு கம்பெனி. 1919-ல இர்விங் மேக் ஆரம்பிச்சது. தியேட்டர்காரர்கள் கேட்டலாக்கைப் பார்த்து, வேணுங்கிற துண்டை ஆர்டர் பண்ணிக்கலாம். பாப்கார்னுக்கு ஒண்ணு, ஐஸ்கிரீமுக்கு ஒண்ணு, 'சத்தம் போடாதீங்க'வுக்கு ஒண்ணு. நம்ம ஊர் கல்யாணப் பத்திரிகைக் கடை ஆல்பம் மாதிரி.

அவங்க 1957-ல வெளியிட்ட 'லெட்ஸ் ஆல் கோ டு த லாபி'தான் இந்த வகையறாவின் சூப்பர் ஸ்டார். பாப்கார்ன், மிட்டாய், சூயிங்கம், கூல்டிரிங்ஸ் டம்ளர் எல்லாத்துக்கும் கை கால் முளைச்சு, வரிசை கட்டி, பாடிக்கிட்டே நடந்து போகும். ஒரு நிமிஷ சமாசாரம். இயக்கினவர் டேவ் ஃப்ளைஷர். பெட்டி பூப், பாப்பாய் கார்ட்டூன்களுக்குப் பேர்போன அதே ஆள்தான். மெட்டுக்கூடப் புதுசு இல்லை. பர்த்டே பார்ட்டியில 'ஜாலி குட் ஃபெல்லோ'ன்னு பாடுவோமே, அதே மெட்டு. எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிஞ்ச மெட்டுன்னா, முதல் தடவை கேட்கும்போதே வாய் தானா முணுமுணுக்கும். தெரிஞ்சே பண்ணின வேலை!

தியேட்டருக்குள்ள உட்கார்ந்து பார்க்கிற லாபிக்காகவும் அது ஓடினது. டிரைவ்-இன்னுக்குன்னே செஞ்ச சரக்கு இன்னும் கலக்கல். ஒரு ஹாட் டாக் சர்க்கஸ்காரன் மாதிரி குட்டிக்கரணம் போட்டு, பிளந்து வெச்ச பன்னுக்குள்ள போய் விழும். இதை நீங்க பார்த்திருக்கவும் வாய்ப்பு இருக்கு. 1978-ல வந்த 'கிரீஸ்' படத்தில் ஜான் டிரவோல்டா டிரைவ்-இன்னில் தனியா உட்கார்ந்து சோகப் பாட்டு பாடுவார் இல்ல? அவர் உருகிக்கிட்டிருக்கும்போது பின்னாடி திரையில் இந்த ஹாட் டாக் பாட்டுக்குக் கரணம் அடிச்சுக்கிட்டிருக்கும். ஹீரோ மூஞ்சியைப் பார்க்கிறதா, பன்னைப் பார்க்கிறதான்னு நமக்கே குழப்பம் வரும்.

'சில்லி டில்லி'ன்னு ஒரு ஊறுகாய் விளம்பரம் உண்டு. வெள்ளரிக்காய் ஊறுகாயை முழுசா கடிச்சுச் சாப்பிடச் சொல்வாங்க. 'ஃபிளேவோஸ்'னு இறால் ரோல். திரையில் அதோட கலரைப் பார்த்தா, மெஸ்ஸில் ஞாயித்துக்கிழமை ராத்திரி மிஞ்சினதையும் நாம மறுபேச்சு இல்லாம சாப்பிடுவோம். 'பிக்'னு ஒரு கொசுவர்த்திச் சுருள் விளம்பரமும் உண்டு! ஆமா பாஸ், சுருள் சுருளா பச்சையா இருக்குமே, அதேதான். திறந்தவெளி, கோடைக்காலம், கார் கண்ணாடி இறக்கி விட்டிருக்கு. கொசு வராம என்ன பண்ணும்? கேன்டீனில் ஐஸ்கிரீமோட கொசுவர்த்தியும் வித்தாங்க.

எனக்கு இதில் ரொம்பப் பிடிச்சது அந்தக் கடிகாரம்தான். ரெண்டு விளம்பரத்துக்கு நடுவில் திரையில் ஒரு கடிகாரம் வரும். 'படம் தொடங்க இன்னும் 10 நிமிஷம்'. அப்புறம் 9. அப்புறம் 8. பார்க்கச் சாதாரணமா தெரியும். ஆனா யோசிச்சுப் பாருங்க. இருட்டில் கேன்டீன் கியூவில் நிற்கிறவனுக்கு இருக்கிற பெரிய பயம், படம் ஆரம்பிச்சுடுமோங்கிறது. அந்தப் பயம் இருந்தா காரை விட்டே இறங்க மாட்டான். கடிகாரம் என்ன சொல்லுது? 'அவசரமே இல்லை, இறங்கி வா' என்கிறது. அதே கடிகாரம் 3-க்கு வந்ததும் 'சீக்கிரம் வாங்கிட்டுக் கிளம்பு' என்கிறது. ஒரே கருவி முதல் பாதியில் ஆளைக் கூப்பிடுது, ரெண்டாவது பாதியில் கூட்டத்தைக் கலைக்குது. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் அரியர் வெச்சிருக்கிற நண்பர்கள் இதைக் கவனிக்கவும்.

எல்லாத்துக்கும் கடைசியில் ரெண்டு பொதுநல அறிவிப்பு. ஒண்ணு, ஞாயித்துக்கிழமை உங்களுக்குப் பிடிச்ச சர்ச்சுக்குப் போங்க. இன்னொண்ணு, வீட்டுக்குக் கிளம்பும்போது ஸ்பீக்கரைக் கம்பத்தில் திரும்ப மாட்டிட்டுப் போங்க. ஏன்னா மறந்துபோய் ஒயரைப் பிச்சுக்கிட்டுப் போகிறவங்க அவ்வளவு பேர்.

இந்தத் துண்டுப் படங்கள் எல்லாமே தின்பண்டம் மட்டும் விக்கலை. 1960-களில் காசு கட்டிப் பார்க்கிற டி.வி. வரப்போகுதுன்னு பேச்சு வந்ததும், தியேட்டர் முதலாளிங்க பதறிப் போனாங்க. 'இலவச டி.வி.யைக் காப்பாத்துங்க'ன்னு தங்கள் திரையிலேயே பிரசாரம் ஓட்டினாங்க. தியேட்டர்காரங்களுக்கு டி.வி. மேல திடீர்னு என்ன பாசம்னு கேட்காதீங்க! கலிஃபோர்னியாவில் 1964-ல இதுக்கு ஓட்டெடுப்பே நடந்து, காசு டி.வி.க்குத் தடை விழுந்தது. 1966-ல கோர்ட் அந்தத் தடையை ரத்து பண்ணிடுச்சு.

இன்னொரு சுவாரஸ்யமான கோ-இன்ஸிடென்ஸ். பாப்கார்ன் பாடிக்கிட்டு நடந்து போன அதே 1957-ல, ஜேம்ஸ் விக்காரின்னு ஒரு மார்க்கெட்டிங் ஆசாமி ஒரு குண்டைப் போட்டார். நியூ ஜெர்சியில் ஒரு தியேட்டரில், படம் ஓடும்போதே செகண்டில் மூவாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு 'பாப்கார்ன் சாப்பிடு', 'கோக் குடி'ன்னு எழுத்தை மின்ன விட்டாராம். யார் கண்ணுக்கும் தெரியாது, ஆனா மனசுக்குள்ள போயிடும், பாப்கார்ன் விற்பனை 57.7 சதவிகிதம் ஏறிச்சுன்னு சொன்னார். ஊரே அலறிடுச்சு. 1962-ல அவரே ஒரு பேட்டியில், அது பிசினஸை நிமிர்த்தப் பண்ணின வித்தை, சொல்லிக்கிற அளவுக்குத் தகவலே கையில் இல்லைன்னு ஒத்துக்கிட்டார். இன்னமும் சில மேனேஜ்மென்ட் வகுப்புகளில் இதை உண்மைக் கதையா சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க.

இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்களேன். ஒண்ணு, உங்களுக்குத் தெரியாம உங்க மண்டைக்குள்ள புகுந்துடுவேன்னு பீத்திக்கிட்டது. இன்னொண்ணு, 'நான் விளம்பரம்தான், என்னை வாங்கேன்'னு வெளிப்படையா எதிர்ல வந்து டான்ஸ் ஆடுது. நேத்து ராத்திரி ஃப்ரெண்டுகிட்ட ஷூ பத்திப் பேசினா, இன்னிக்குக் காலையில மொபைலில் ஷூ விளம்பரம் வந்து நிக்குது. இந்தக் காலத்தில் வாழ்ற நமக்கு, அந்த டான்ஸ் ஆடுற ஹாட் டாக் மேல பாசம் வர்றதில் ஆச்சரியம் இல்லைன்னு எனக்குத் தோணுது. அஞ்சு செகண்ட் விளம்பரத்தை ஸ்கிப் பண்ண விரலை ரெடியா வெச்சிருக்கிற நாமளே, எழுபது வருஷத்துக்கு முந்தைய இறால் ரோல் விளம்பரத்தை முழுசா பார்க்கிறோம். அது நம்மைப் பத்தி எதுவும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு வரலையே!

ஆனா உருகுறதுக்கு முன்னாடி ஒண்ணு. அந்த விளம்பரங்களில் வர்ற குடும்பங்களை உத்துப் பாருங்க. அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளைங்க. எல்லாருமே வெள்ளைக்காரங்க. அந்த வருஷங்களில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பல டிரைவ்-இன்களில் கறுப்பின மக்களுக்குத் தனி இடம். சில இடங்களில் அனுமதியே கிடையாது. அவங்க சொந்தக் காரில், சொந்தக் காசில் வந்தாலும் சரி. 1964 சிவில் உரிமைச் சட்டம்தான் தியேட்டர்களில் அந்தப் பாகுபாட்டைச் சட்டப்படி முடிச்சுவெச்சது. 'வாங்க, எல்லாரும் லாபிக்குப் போகலாம்'னு பாப்கார்ன் கூப்பிடுதே, அந்த 'எல்லாரும்'ல யார் யார் இருந்தாங்க? 'அந்தக் காலம் மாதிரி வருமா'ன்னு யாராவது பெருமூச்சு விட்டா, அவங்க அந்தக் காலத்தில் எந்த வரிசையில் நின்னாங்கன்னு கேட்கலாம். அமெரிக்காவில் மட்டும் இல்லை.

இதைத் தெரிஞ்சுக்கிட்டும் அந்தத் துண்டுகளை ரசிக்க முடியுமா? முடியுதுதான். பட்டாசுக் கலர், அசட்டு ஜோக், தொண்டை கட்டின மாதிரி ஒரு அறிவிப்பாளர் குரல். செஞ்சவங்க இதைக் கலைன்னு நினைக்கலை. பிரின்ட்டைத் தேய்கிற வரைக்கும் ஓட்டுவாங்க, கிழிஞ்சா ஒட்டுவாங்க, அப்புறம் குப்பைத்தொட்டி. தப்பிச்சதுக்குக் காரணம் சில ஆபரேட்டர்கள், சில சேகரிப்பாளர்கள். சியாட்டிலில் 'சம்திங் வியர்ட் வீடியோ'ன்னு ஒரு கம்பெனி 1990-களில் இந்தத் துண்டுகளைப் பொறுக்கித் தொகுத்து கேசட் போட்டது. நிறைய பிரின்ட்டுகள் ஒரே ரோஸ் கலரில் இருக்கும். அது டைரக்டர் டச் இல்லை! அந்தக் கால ஈஸ்ட்மென் கலர் ஃபிலிமில் நீலமும் மஞ்சளும் சீக்கிரம் வெளுத்துப் போய், சிவப்பு மட்டும் மிஞ்சும். தக்காளி சாஸும் மனுஷ முகமும் ஒரே கலர்.

2000-ம் வருஷம் ஒரு கூத்து நடந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வருஷா வருஷம் 25 படங்களைத் தேர்ந்தெடுத்து, தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கும். பாதுகாக்க வேண்டிய படங்கள்னு அர்த்தம். அந்த வருஷப் பட்டியலில் 'அபோகலிப்ஸ் நவ்' இருந்தது, 'குட்ஃபெல்லாஸ்' இருந்தது, கூடவே பாடிக்கிட்டு நடக்கிற பாப்கார்ன் டப்பாவும் இருந்தது. கொப்போலா, ஸ்கார்செஸி பக்கத்தில் நம்ம டப்பா! செம இல்ல?

டிரைவ்-இன்களுக்கு அந்த மாதிரி பாதுகாப்பு கிடைக்கலை. பெட்ரோல் விலை, வீட்டிலேயே வீடியோ, ஊர் வளர வளர ஏறின நிலத்து விலை. 4,000 இருந்த இடத்தில் இப்ப சுமார் 300தான். 2013 வாக்கில் படக் கம்பெனிகள் ஃபிலிம் பிரின்ட்டை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறினப்ப இன்னொரு அடி. ஒரு டிஜிட்டல் புரொஜெக்டர் 70,000 டாலருக்கு மேல. கோடையில் மட்டும் ஓடுற தியேட்டர்காரர் எங்க போவார்? 2020 கொரோனா சமயத்தில் மட்டும் திடீர் மவுசு. வால்மார்ட்கூடத் தன்னோட 160 கார் பார்க்கிங்குகளை டிரைவ்-இன் ஆக்கிப் படம் காட்டினது.

பென்சில்வேனியாவில் மஹோனிங்னு ஒரு டிரைவ்-இன். டிஜிட்டல் வாங்கக் காசு இல்லை. 'அப்ப நாங்க 35 எம்.எம்.லேயே பழைய படம் மட்டும் ஓட்டுறோம்'னு முடிவு பண்ணினாங்க. ஆர்வக்கோளாறு இளைஞர்கள் சிலர் சம்பளம் இல்லாம வேலை பார்த்தாங்க. 2017-ல 'அட் த டிரைவ்-இன்'னு அவங்களைப் பத்தி ஒரு டாக்குமென்டரியும் வந்தது. 2021-ல அந்த நிலத்தில் சூரிய மின்சாரப் பேனல் போட ஒரு கம்பெனி வந்தது. ரசிகர்கள் சண்டை பிடிச்சாங்க, கம்பெனி பின்வாங்கிடுச்சு. சோலார் வேண்டாம்னு சொல்ற ஆள் இல்லை நான். செமஸ்டர் புராஜெக்ட்டே சோலார்தான். ஆனா பேனல் போட வேற நிலம் கிடைக்கும். திரையும் மேடும் கம்பமுமா இருக்கிற இன்னொரு நிலம் கிடைக்காது. அதனால அந்தச் சண்டையில் நான் ஹாட் டாக் கட்சி.

நம்ம கதைக்கு வருவோம். நம்ம தியேட்டர்களிலும் இடைவேளையில் கண்ணாடி ஸ்லைடு போட்டாங்க. உள்ளூர் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், 'முன் இருக்கையில் கால் வைக்காதீர்கள்'. பெயின்ட்டர் கையால எழுதின எழுத்து. டிஜிட்டல் வந்ததும் ஸ்லைடு புரொஜெக்டரோட அதுவும் போச்சு. நமக்குப் பதிவேடு எல்லாம் கிடையாது. சில ஊர்களில் தியேட்டரே கல்யாண மண்டபம் ஆயிடுச்சு.

ஸோ, இந்த லீவுக்கு ஊருக்குப் போறப்ப ஒரு வேலை. உங்க ஊர் தியேட்டரில் வேலை பார்த்த பழைய ஆபரேட்டர் அண்ணன் யாராவது இருப்பார். டீக்கடையில் விசாரிச்சா போதும், வீடு தெரிஞ்சுடும். போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்துட்டுக் கேளுங்க: 'அண்ணே, பழைய ஸ்லைடு ஏதாவது வெச்சிருக்கீங்களா?' பரண் மேல பிஸ்கட் டப்பாவில் நாலு இருந்தாலும் லாபம்தான். கண்ணாடி, பார்த்து எடுங்க. ஈரத்துணி போட்டுத் துடைச்சுடாதீங்க, எழுத்து கரைஞ்சுடும். வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு, எந்த ஊர், எந்தத் தியேட்டர், எந்தக் கடைன்னு கையோட எழுதி வெச்சுடுங்க.